ஆழத்து நடுக்கம்

நிலநடுக்கமானி வைக்க இடம் தேடுகிறவர்களுக்கு எல்லாக் கையேடுகளும் ஒரே அறிவுரையைத்தான் சொல்கின்றன. பக்கத்தில் ரயில் பாதை இருக்கக் கூடாது. நெடுஞ்சாலை கூடாது. குவாரி, கடல், பெரிய மரம், ஆள் நடமாட்டம் எதுவும் ஆகாது. திண்டிவனத்தில் என் அப்பாவின் வீடு தண்டவாளத்திலிருந்து இருநூறு அடி. ஜிஎஸ்டி ரோட்டில் லாரி கியர் மாற்றினால் வாசலில் கேட்கும். வானூர்ப் பக்கம் கல் உடைக்கிறார்கள். மரக்காணத்துக் கடல் ஒரு மணி நேர பஸ் தூரம். புளியங்காடு என்று பெயரெடுத்த ஊரில் எங்கள் தெருவில் மட்டும் மரமே கிடையாது. சாதகம் என்று சொல்ல அது ஒன்றுதான்.

அந்த வீட்டின் பின்கட்டில், அம்மாவின் அம்மி கிடந்த மூலையில், 2019லிருந்து ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கிறது. டிபன் பாக்ஸ் அளவுதான். உள்ளே ஒரு ஜியோஃபோன், ஒரு ராஸ்பெர்ரி பை கணினி, இரண்டுக்கும் நடுவே ஒரு மின்சுற்றுப் பலகை. ஜியோஃபோன் என்பது சுருள்வில்லில் தொங்கும் ஒரு கம்பிச்சுருளும் ஒரு காந்தமும், அவ்வளவுதான். தரை அசைந்தால் காந்தமும் கூடவே அசையும். சுருள் சோம்பேறி, நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும். இந்த இழுபறி மின்னழுத்தமாக வெளியே வருகிறது. கடலூர், சிதம்பரம் பக்கம் எண்ணெய் தேடி வந்தவர்கள் வயலில் ஒயர் இழுத்து வரிசையாக ஊன்றி வைத்ததைப் பார்த்திருப்பீர்கள். அதே சாமான்தான். நொடிக்கு நூறு தடவை தரையின் அசைவை அளந்து இணையத்துக்கு அனுப்பிவிடும். விழுப்புரத்தில் உட்கார்ந்துகொண்டு அதை நான் ஃபோனில் பார்ப்பேன்.

விழுப்புரத்திலேயே வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி. மாடிக் கட்டடம் தனக்கென்று ஓர் ஆட்டம் வைத்திருக்கும். மேல்வீட்டுக் குழந்தை குதித்தால் அதுவே பூகம்பம். எனக்கு வாய்த்த தரைவீடு அப்பாவுடையதுதான். அம்மா போன பிறகு அப்பா அங்கே தனியாக இருக்கிறார். எங்களோடு வந்து இருங்கள் என்று எத்தனையோ முறை கூப்பிட்டாயிற்று. "பொண்ணு வூட்டுல எத்தினி நாளைக்குப் பாப்பா ஒக்கார முடியும்?" என்பார். அதற்குமேல் அந்தப் பேச்சு நகராது.

*

அப்பா ரயில்வேயில் கீமேன். மீட்டர்கேஜ் காலத்தில் சேர்ந்தவர். கீமேன் வேலை என்னவென்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. தினமும் விடியலில் ஸ்பேனரும் சுத்தியுமாகத் தன் பங்குத் தண்டவாளத்தை முழுக்க நடந்து பார்க்க வேண்டும். போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம். கழன்ற சாவியை அடித்து இறுக்குவது, போல்ட்டை முடுக்குவது, விரிசல் தெரிந்தால் சிவப்புக்கொடி காட்டி வண்டியை நிறுத்துவது. மயிலத்துக்கும் பேரணிக்கும் நடுவே அவர் காலடி படாத ஸ்லீப்பர் கிடையாது. சுத்தியால் தட்டினால் நல்ல கம்பி ஒரு குரலில் பேசும், விரிசல் விட்டது வேறு குரலில் பேசும் என்பார். இப்போது அவருக்கு வலது காது கேட்பதில்லை. இடது காதும் சந்தேகம்தான். உள்ளங்காலை நம்பியிருக்கிறார். குட்ஸ் வண்டியா, எக்ஸ்பிரஸா என்று தரையில் காலை வைத்தே சொல்லிவிடுவார். பெட்டியைக் கொண்டுபோய் வைத்த அன்று, அது என்ன செய்யும் என்று விளக்கினேன். "இதுக்கு கரன்ட்டு வேற செலவு" என்றார்.

பெட்டியின் பதிவு கோடு கோடாக வரும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு கோடு, பழைய டிரம் தாளில் மை ஓடுவதுபோல. பகலெல்லாம் முள்ளுக்காடு. ரயில் ஒன்று ஊசிமுனையில் தொடங்கி மீன் வயிறுபோல் பெருத்து மறுபடி மெலியும். குவாரி வெடி சட்டென்று குத்தி அடங்கும். நிலநடுக்கம் தேடுகிறவளுக்கு இதெல்லாம் இரைச்சல். கணினியில் வடிகட்டி போட்டு, வேண்டாத அதிர்வெண்களைக் கழித்துவிட்டுப் பார்ப்பேன். கழிபடுகிற பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. காலை நாலே கால் வாக்கில் ஒரே சீரான சின்னச் சின்ன முட்கள், பதினெட்டோ இருபதோ. அப்பா எழுந்து பின்கட்டுக்கு வந்து தண்ணீர் பிடிக்கிற காலடி.

2021 மார்கழியில் ஒரு விடியல் அந்த முட்கள் பாதியில் நின்றுவிட்டன. அடுத்து ஒரே ஒரு பெரிய முள். அப்புறம் அரை மணி நேரம் கோடு சும்மா ஓடுகிறது. பிறகு நிறையக் காலடிகள். பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து தூக்கியிருக்கிறார். இடுப்பில் அடி, எலும்பு முறியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூட்டி வந்த மறுநாள் அந்தப் பதிவைத் திறந்து பார்த்தேன். விழுந்தது அரை நொடிகூட இல்லை. சத்தமில்லாத அந்த அரை மணி நேரத்தைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் முதல் வேலை, வடிகட்டாத பதிவைத் திறந்து நாலே காலைப் பார்ப்பது. அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். ஒருநாள் அவர் தூங்கி லேட்டாக எழுந்தபோது சரியாக ஐந்து மணிக்கு என் ஃபோன் போயிருக்கிறது. "என்னெ வேவு பாக்கறியா பாப்பா?" கோபமாக இல்லை, விசாரிக்கிற தொனியில் கேட்டார். நான் இரைச்சல், வடிகட்டி, ரயில் எது நிலநடுக்கம் எது என்று பிரிக்கிற கஷ்டம் என்று என்னென்னவோ சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வண்டி போற நேரம் தெரிஞ்சா ஒனக்கு ஒதவுமா?" என்றார். அடுத்த முறை போனபோது ஒரு பழைய டைரியில் பேனாவால் கட்டம் போட்டு வைத்திருந்தார். அப் குட்ஸ் 4.40. டவுன் எக்ஸ்பிரஸ் 5.05. வெடி 12.50. சிலிண்டர் வண்டி 2.10. ஓர் இடத்தில், 'பூனை பெட்டி மேல குதிச்சிது 7.30'. ரிட்டயர் ஆகிப் பத்து வருஷம் கழித்து அப்பா மறுபடி டூட்டி பார்க்கத் தொடங்கியிருந்தார்.

*

இந்தத் துறையில் அமெச்சூர்களுக்கு நல்ல வம்சாவளி உண்டு. இங்கிலாந்தில் வெஸ்ட் பிராம்விச் என்ற ஊரில் ஜே. ஜே. ஷா என்று ஒருவர் இருந்தார். அடகுக்கடைக்காரர். வட்டிக்குக் கொடுத்து வாங்கிய நேரம் போக மிச்ச நேரத்தில் நிலநடுக்கமானி செய்தார். ஜான் மில்னின் கருவியை அவர் திருத்தியமைத்தது மில்ன்-ஷா என்ற பெயரோடு உலகம் முழுக்க ஆய்வகங்களுக்குப் போனது. மில்னின் பழைய கருவி நம்மூருக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. கொடைக்கானல் ஆய்வகத்தில் அதை 1899இல் நிறுவினார்கள். சூரியனைப் பார்க்கப் போன இடத்தில் பூமியையும் கேட்டிருக்கிறார்கள்.

1979 ஜூலையில் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் ஒரு செய்முறை வந்தது. லேமன் என்ற இயற்பியல் பேராசிரியரின் வடிவம். ஒரு கம்பத்தில் கேட் மாதிரி பொருத்திய நீளமான கை, நுனியில் எடை, காந்தம், சுருள். கேட்டைச் சற்றே சாய்வாகத் தொங்கவிட்டால் அது மெதுவாக ஆடி ஆடி ஓர் இடத்துக்குத்தான் திரும்பி வரும் இல்லையா, அதே சங்கதி. ஒரு தலைமுறை அமெச்சூர்கள் கார் ஷெட்டிலும் நிலவறையிலும் அதைக் கட்டினார்கள். பிறகு 2016இல் பனாமாவிலிருந்து ஒரு சின்ன நிறுவனம் ராஸ்பெர்ரி ஷேக் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. என்னுடைய பெட்டியும் அந்தச் சாதிதான். 2020இல் ஊரடங்கால் உலகம் எவ்வளவு அமைதியானது என்று 117 நாடுகளின் 268 நிலையப் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. மனித நடமாட்டத்தால் வரும் அதிர்வு சில இடங்களில் பாதியாகக் குறைந்திருந்தது. அதில் வீட்டுப் பெட்டிகளின் பதிவுகளும் உண்டு. அந்த வாரங்களில் எங்கள் பதிவிலும் முள்ளுக்காடு காணாமல் போய், எப்போதாவது வரும் குட்ஸ் மட்டும் தனியாகத் தெரிந்தது.

லேமன் கட்டியவர்களுக்கும் ஜியோஃபோன்காரர்களுக்கும் ஒரு சின்னப் போட்டி உண்டு. லேமன் மெதுவாக ஆடுவது. பூமியின் தோலோடு உருண்டு வரும் நீண்ட மேற்பரப்பு அலைகளை அது அழகாகப் பிடிக்கும். ஜியோஃபோனுக்கு அந்த நிதானம் போதாது, வேகமான குத்தல்கள்தான் அதற்குப் புரியும். ஆகவே தூரத்துப் பூகம்பம் என்றால் லேமன் பக்கம்தான் படம் பிரமாதமாக இருக்கும். ஒரே ஒரு வகையில் மட்டும் நிலைமை தலைகீழ். ஆழத்து நடுக்கங்கள்.

*

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் நாற்பது கிலோமீட்டருக்குள். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று பாசஞ்சரில் கடலை தின்று முடிப்பதற்குள் வந்துவிடும். அந்தத் தூரத்தைச் செங்குத்தாகக் கீழே திருப்பினால் நம் காலடியில் பூமியின் மேலோடு ஏறத்தாழ முடிந்துவிடும். நாம் செய்தியில் படிக்கிற பூகம்பங்களில் பெரும்பாலானவை அந்த ஆழத்துக்குள்தான். ஆழத்து நடுக்கம் என்பது 300 கி.மீ.க்குக் கீழே நடப்பது. 600 கி.மீ. என்பது சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு நேர்க்கோடு போட்டதுபோல. ஏறத்தாழ 700க்குக் கீழே பூகம்பமே இல்லை.

இதில் வியப்பு என்னவென்றால் அங்கே பூகம்பம் வரவே கூடாது. பாறை உடைய வேண்டுமானால் இரண்டு முகங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டும். 600 கி.மீ. ஆழத்தில் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல இரண்டு லட்சம் மடங்கு. அந்தப் பிடியில் எதுவும் வழுக்காது. வெப்பமோ பாறையை வெல்லப்பாகுபோல் மெதுவாக வளையச் செய்கிற வெப்பம். வளையும், உடையாது. 1922இல் ஆக்ஸ்போர்டில் டர்னர் என்பவர், சில பூகம்பங்களின் அலைகள் பூமியின் மறுபக்கத்துக்குக் கணக்கைவிடச் சீக்கிரம் வந்துசேர்வதைக் கவனித்து, அவை நூற்றுக்கணக்கான கி.மீ. ஆழத்தில் தொடங்குகின்றன என்றார். பலரும் நம்பவில்லை. 1928இல் ஜப்பானின் வடாட்டி கியூ உள்ளூர் நிலையங்களின் பதிவுகளை வைத்து அதை மறுக்க முடியாதபடி காட்டினார்.

ஜப்பானில் ஒரு விசித்திரம் முன்பே தெரிந்திருந்தது. சில நடுக்கங்கள் நேர் மேலே இருக்கும் ஊரில் லேசாகவும், வெகுதூரத்தில் பசிபிக் கரையோர ஊர்களில் பலமாகவும் உணரப்படும். காரணம், கடலடித் தரை ஒரு தகடாகச் சாய்ந்து பூமிக்குள் இறங்குகிறது. சுற்றியிருக்கும் பாறையைவிட அது குளிர்ந்தது, விறைப்பானது. அதிர்வு அந்தத் தகட்டின் வழியாகவே ஏறி, தகடு மேலே வருகிற கரையில் போய் உதைக்கிறது. இதை அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. "தண்டவாளத்துல காத வச்சா அடுத்த ஸ்டேஷன் வண்டி கேக்கும். பக்கத்துல மண்ணுல வச்சா ஒண்ணும் கேக்காது. மண்ணு சத்தத்தத் தின்னுரும்" என்றார். பூமியின் மேல்பகுதியில், அந்தத் தகடுகளுக்கு வெளியே, அப்படித் தின்கிற மென்மையான அடுக்கு ஒன்று உண்டு. மேலே நடக்கும் பூகம்பத்தின் அலை போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை என்று இரண்டு தடவை அதைக் கடக்க வேண்டும். கூர்மையான அதிர்வுகள் அதில் மழுங்கிவிடும். ஆழத்தில் பிறந்த அலைக்கு ஒரே தடவைதான். அதனால் அது கூர் மழுங்காமல் வந்து சேர்கிறது, ஜியோஃபோனுக்குப் பிடித்த மாதிரி. ஆழம் அதிகமானதால் மேற்பரப்பு அலைகளும் அநேகமாகக் கிளம்புவதில்லை. லேமன்காரர்கள் காத்திருக்கிற அந்த நீண்ட வால் வராது.

உடையக் கூடாத இடத்தில் பாறை ஏன் உடைகிறது என்பதற்கு இன்னும் ஒரே விடை இல்லை. பலரும் சாய்வது ஆலிவின் பக்கம். மேன்டிலில் அதிகம் இருக்கிற பச்சைக் கனிமம் அது. சுமார் 410 கி.மீ. ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் அதன் அணுக்கள் இன்னும் நெருக்கமாக அடுக்கிக்கொண்டு வேறு கனிமமாகிவிடும். குளிர்ந்த தகட்டின் நடுவில் மட்டும், மாற வேண்டிய ஆழம் தாண்டியும் அது மாறாமல் இழுத்துக்கொண்டு கீழே போகிறது. ஓரிடத்தில் திடீரென்று பொறுமை இழந்து மாறுகிறபோது, மெல்லிய தளங்கள் வழியே பாறை சரிந்து நடுங்குகிறது. ஆய்வகத்தில் சின்னத் துணுக்குகளில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 1994இல் பொலிவியாவின் அடியில் 630 கி.மீ. ஆழத்தில் வந்த 8.2 நடுக்கத்துக்கு இந்த விளக்கம் போதுமா என்று சண்டை இன்னும் ஓயவில்லை. அதைக் கனடாவில் உணர்ந்தார்கள். 2013 மே 24 அன்று ஒகோட்ஸ்க் கடலடியில் 8.3, ஆழம் 609 கி.மீ. ஆறாயிரம் கி.மீ.க்கு அப்பால் மாஸ்கோவில் அடுக்குமாடிக்காரர்கள் இறங்கி ஓடினார்கள்.

*

2023 ஏப்ரல் 14. சித்திரை ஒன்று. காலையிலேயே திண்டிவனம் போய்விட்டோம். மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ ரசம், வடை. விடுமுறை என்பதால் குவாரி ஓய்ந்திருந்தது, ஸ்கூல் வேன்கள் இல்லை. எல்லாரும் பாயில் சாய்ந்திருந்த நேரம். நான் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று முப்பத்திரண்டுக்குக் கோட்டில் ஒரு குத்தல். மீன் வயிறு இல்லை, ரயிலுக்குரிய மெதுவான ஏற்றம் இல்லை. ஒரே நிமிர்வாக எழுந்து, அரை நிமிஷம் நடுங்கி, தாழ்ந்துவிட்டது.

அப்பாவின் டைரியை எடுத்தேன். அன்றும் எழுதியிருந்தார். மூணேகாலுக்கு ஒரு வண்டி. அதற்கப்புறம் எதுவும் இல்லை. எழுப்பிக் கேட்டேன். கண்ணைத் திறக்காமலே, "இப்பவா? வண்டி ஒண்ணும் போவல" என்றார்.

ஒன்றரை நிமிஷத்துக்குமேல் கழித்து இன்னொரு குத்தல், முதலதைவிடச் சின்னது. அதற்குப் பிறகு மங்கலாகச் சில. நான் காத்திருந்தது அதற்குப் பின் வர வேண்டிய பெரிய வாலுக்கு. கால் மணி, அரை மணி ஆயிற்று. கோடு தன் வழக்கமான சில்லறை நடுக்கத்துக்குத் திரும்பிவிட்டது. வால் வரவே இல்லை. வராததுதான் அடையாளம்.

அந்த இரண்டாவது குத்தலை விளக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பெரியவை. எட்டிப் பார்த்துக் கத்தினால் குரல் அடி வரைக்கும் போய்த் திரும்பி வரும். எவ்வளவு தாமதமோ அவ்வளவு ஆழம். ஆழத்து நடுக்கத்தில் இது தலைகீழாக நடக்கிறது. கத்துகிறவர் கிணற்றின் அடியில் இருக்கிறார். ஓர் அலை நேராக நம்மை நோக்கிக் கிளம்புகிறது. இன்னொன்று மேல் நோக்கிப் போய், பூமியின் மேற்பரப்பில் மோதி, திரும்பி, நம்மிடம் வருகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள நேரம்தான் கிணற்றின் ஆழம். அட்டவணையில் வைத்துப் பார்த்தால் அறுநூறுக்குப் பக்கத்தில் வந்தது. ஒற்றைப் பெட்டியால் திசை சொல்ல முடியாது, எங்கே என்று சொல்ல முடியாது. ஆழம் மட்டும் தெரியும். எனக்கு அது இப்போதும் மாயமாகத்தான் இருக்கிறது.

சற்று நேரத்தில் அறிவிப்பு வந்தது. ஜாவாக் கடல், துபான் நகருக்கு வடக்கே. அளவு 7.0, ஆழம் 594 கி.மீ. இந்திய நேரம் மூன்று இருபத்தைந்துக்கு நடந்திருக்கிறது. நாலாயிரம் கி.மீ. தாண்டி வர ஆறு நிமிஷத்துக்குச் சற்று மேல் எடுத்திருக்கிறது. தண்டவாள இரும்பில் ஒலி நொடிக்கு ஐந்து கி.மீ. போகும், நம்மூர்க் கருங்கல்லில் ஆறு. அந்த ஆழத்தில் பத்து. அங்கே உடைந்தது எது தெரியுமா? இந்தியப் பெருங்கடலின் பழைய தரை. ஜாவாவின் தெற்கில் வருஷத்துக்கு ஆறேழு சென்டிமீட்டர் வேகத்தில் உள்ளே போகத் தொடங்கி, அவ்வளவு கீழே இறங்க ஒரு கோடி ஆண்டுக்கும் மேல் ஆகியிருக்கும். ஜாவாவிலேயே பெரிய சேதம் இல்லை.

எனக்கு 2001 செப்டம்பர் 25 ஞாபகம் வந்தது. செவ்வாய்க்கிழமை, ராத்திரி எட்டரை இருக்கும். புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5. ஷெல்ஃபில் எவர்சில்வர் டம்ளர்கள் கிலுகிலுவென்று உரசின. அம்மா என்னை இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார். தெருவே வெளியில் நின்றது. அப்பா மட்டும் தண்டவாளம் பக்கம் டார்ச்சோடு போய்விட்டார். கம்பி நகர்ந்திருக்குமோ என்று. அந்த நடுக்கத்தைவிட ஏறத்தாழ 180 மடங்கு சக்தி வெளிப்பட்ட ஒன்று, பண்டிகைச் சாப்பாட்டுத் தூக்கத்தில் எங்கள் பாய்களுக்கு அடியில் போயிருக்கிறது. பூனைகூட எழுந்திருக்கவில்லை.

*

ஆழத்து நடுக்கங்களின் தலைநகரம் ஃபிஜி-டோங்கா பகுதி. உலகில் நடப்பவற்றில் பெரும்பங்கு அங்கேதான். 2018 ஆகஸ்ட் 19 அன்று 8.2, சுமார் 600 கி.மீ. ஆழத்தில். அப்போது என்னிடம் பெட்டி இல்லை. ஆனால் இருந்திருந்தாலும் விஷயம் அவ்வளவு எளிதல்ல. ஃபிஜியிலிருந்து விழுப்புரம் மாவட்டம் கோணக் கணக்கில் ஏறத்தாழ 105 பாகை. பூமியின் நடுவே திரவ இரும்புக் கோளம் இருக்கிறது. அது அலைகளை வளைத்து, 104 பாகையிலிருந்து 140 வரை ஒரு நிழல் விழச் செய்கிறது. நேரடி அலை அந்த வளையத்துக்குள் வராது. நாம் அந்த நிழலின் விளிம்பில் இருக்கிறோம். அங்கே கிடைப்பது கோளத்தின் ஓரத்தைத் தொட்டு நழுவி வரும் பலவீனமான கசிவும், சில எதிரொலிகளும்தான். டென்மார்க்கின் இங்கே லேமான் 1936இல், நிழலுக்குள் வரக் கூடாத சில மெல்லிய அலைகள் வந்திருப்பதைப் பார்த்துத்தான் பூமிக்கு உள்ளே இன்னொரு கெட்டியான மையம் இருப்பதைக் கண்டுபிடித்தார்.

கௌரிபிதனூரில் 1965இலிருந்து எல் வடிவில் பரப்பி வைத்த கருவிகள் இருக்கின்றன. எல்லாவற்றின் பதிவையும் கூட்டி, இரைச்சலைக் கரைத்து, இப்படிப்பட்ட மெல்லிய அலைகளைப் பிரித்துவிடுவார்கள். எனக்கு ஒற்றைப் பெட்டி, ஒரு டைரி. ஃபிஜியில் ஆறரை, ஏழு என்று அறிவிப்பு வருகிறபோதெல்லாம் பதிவைத் திறந்து, வர வேண்டிய நிமிஷத்தில் உற்றுப் பார்ப்பேன். பெரும்பாலும் அந்த நிமிஷத்தில் ஒரு குட்ஸ் போயிருக்கும். அப்பா வருத்தப்படுவார். அவர் வண்டி அல்லவா.

*

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. புயல் கரை தொடுவதற்கு இரண்டு நாள் முன்பே பெட்டிக்குத் தெரிந்துவிட்டது. குறைந்த அதிர்வெண்ணை மட்டும் வடித்துப் பார்த்தால் கோடு தடித்துக்கொண்டே போனது. கடல் அலைகள் ஒன்றோடொன்று மோதும் அழுத்தம் கடலடித் தரையை விடாமல் அமுக்குகிறது, அந்த மெல்லிய ஆட்டம் நிலத்துக்குள் வருகிறது. 1920களில் பம்பாய் கொலாபா ஆய்வகத்தில் எஸ். கே. பானர்ஜி இதைக் கவனித்திருக்கிறார். பருவமழை வலுக்கும்போதும் கடலில் புயல் உருவாகும்போதும் நிலநடுக்கமானி ஓயாமல் நடுங்குகிறது என்று காட்டி, 1930இல் விரிவான கட்டுரை எழுதினார். பின்னாளில் வானிலைத் துறையின் முதல் இந்தியத் தலைவர் அவர். நூறு வருஷத்துக்குப் பிறகு அதையே அம்மி மூலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷப்படுகிற மனநிலை இல்லை.

நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரை கடந்து, அங்கேயே நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ ஐம்பது சென்டிமீட்டர் மழை. நள்ளிரவு தாண்டி எங்கள் பெட்டியின் கோடு அறுந்தது. கோடு அறுந்தால் காரணம் ஆயிரம் இருக்கலாம். கரன்ட், டவர், மோடம். நாலே காலுக்கு எழுந்து பார்த்தேன். பார்க்க ஒன்றுமில்லை. வெள்ளைத் தாள். ஃபோன் போகவில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்கும் போகவில்லை. விழுப்புரத்திலும் பஸ் ஸ்டாண்டு தண்ணீரில் நின்றது. டிசம்பர் 2 காலை ரயிலில் போய்விடலாம் என்று ஸ்டேஷனுக்குப் போனால், விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஜாவாவிலிருந்து ஆறு நிமிஷம்.

3ஆம் தேதி காலை ஒரு பஸ், அப்புறம் ஒரு டிராக்டர், அப்புறம் நடை. தெருவில் சேறு முட்டிவரைக்கும். அப்பா வாசலில் உட்கார்ந்து நனைந்த பாயை உதறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது: "பெட்டி பத்திரமா இருக்குது பாப்பா." பின்கட்டில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் பிடுங்கி, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, பரண்மேல் அண்டாவுக்குள் வைத்திருக்கிறார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஸ்டூல்மேல் ஏறியிருக்கிறார். திட்ட வாய் வந்தது, திட்டவில்லை.

அவர் டீ வைக்கப் போனபோது டைரியை எடுத்துப் பார்த்தேன். அதையும் அண்டாவுக்குள்தான் வைத்திருந்தார். ஓரம் மட்டும் நனைந்து மை ஊறியிருந்தது.

'30. ராத்திரி கரன்ட் போச்சி. பெட்டி லைட் எரியுது.

1. பெட்டி அணைஞ்சிது. தண்ணி வாசப்படி. மேல எடுத்து வச்சாச்சி. காலையில வண்டி ரெண்டு. மெதுவா.

2. காலையில வண்டி இல்ல. அதுக்கப்புறமும் இல்ல. தண்ணி எறங்குது.

வண்டி ஒண்ணு மெதுவா போச்சி. நேரம் பாக்கல, கடியாரம் நனஞ்சிருச்சி.'

கீழே வேறு மையில், கொஞ்சம் கோணலாக:

'பெட்டி இல்லாத நேரத்துல ஆழத்துல எங்கனா வந்திச்சான்னு பாப்பாவ கேக்கணும்.'